விடிஞ்சாத்தான் சொல்லும் மூக்கு

ஏனுங்க தம்பி, எதுக்குங்க கர்ச்சீப்புல மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க? சளியா? இல்லையா? வாடை அடிக்குதா? எங்கீங்க அடிக்குது? முன் சீட்டு அந்தம்மா கூடையிலயா? கருவாடா? அட, கருவாடு இருந்தா எனக்குத் தெரியாதுங்களா? அந்தக் கூடையில என்னமோ துணிமணி இருக்குமுங்க. கையை எடுத்துட்டு நல்லா மூச்சு வுடுங்க. நான் சொன்னாச் செரியா இருக்கும். இந்தத் திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, மூக்குக்காரர் நாச்சிமுத்துன்னா யாருன்னு சொல்லுவாங்க.

பொடி போடறீங்களா? வேண்டாமா? செரி, நான் போட்டுக்கறேன். கத்தியைச் சாணை புடிக்கற மாதிரி மூக்கைச் சாணை புடிக்கோணும்னா பொடியை வுட்டா வேற ஒண்ணும் கெடையாதுங்க. கலியாணத்துக்கு முந்தியிருந்தே போடறேன்.

என்ற தொழிலைச் சொல்லலையே. ஊத்துக்குளியில ஒரு நெய்க் கம்பெனிங்க. அதுல நான்தான் மூக்கு. சிரிக்காதீங்க, அதான் வேலை. சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் வெண்ணெய் டின்னு டின்னா வந்து எறங்கும். எது புதுசு, எது பழசு, எதுல காறல் ஏறியிருக்குது, எதுல எவன் வனஸ்பதியைக் கலந்திருக்கறான்னு நான் சொல்லோணும். நான் செரின்னாத்தான் உள்ள போகும், இல்லீன்னா வந்த வண்டியிலயே திரும்பிரும். குடோன் வாசல்ல எனக்குன்னு ஒரு கை வெச்ச நாற்காலி. மொதலாளி அவிநாசியப்பன் வந்தாக்கூட அதுல உக்கார மாட்டாரு. யாவாரிக டின்னை எறக்கறதுக்கு முந்தி என்னைப் பாத்து ஒரு கும்புடு போடுவாங்க பாருங்க, அந்தக் கும்புடுலதானுங்க நான் வாழ்ந்துக்கிட்டிருந்தேன். சோத்துல கூட இல்லை.

என்ற மொறை தனி மொறைங்க. மத்த மூக்குக்காரங்க டின்னைத் தொறந்தாங்களா, மோந்தாங்களா, நின்ன எடத்துலயே சொல்லீருவாங்க. நான் அப்படிச் சொல்றவனில்லை. மோந்து பாப்பேன், கண்ணை மூடுவேன், ரெண்டு தலையாட்டு ஆட்டுவேன், "விடிஞ்சு சொல்றேன்"ம்பேன். அதோட செரி. ஒவ்வொரு டின்னுலயும் துளி வெண்ணெய் எடுத்துச் சின்ன எவர்சில்வர் டப்பாவுல போட்டு, மேல சாக்பீஸ்ல நம்பர் போட்டு, ஊட்டுக்குக் கொண்டு போயிருவேன். வாசத்தை ராத்திரி பூரா மூக்குக்குள்ள ஊறப் போடோணுமுங்க. உளுந்து ஊறாம ஆட்டுனா வடை வருங்களா?

ஊட்டுல என்ற ஊட்டுக்காரி தெய்வாத்தாள் அந்த டப்பாவையெல்லாம் வாங்கிக்குவா. வெண்ணெயை வீணாக்க முடியுங்களா? ஒவ்வொண்ணையும் இரும்புக் கரண்டியில தனித்தனியா உருக்கி, ரெண்டு முருங்கை எலையைக் கிள்ளிப் போடுவா. உருக்கறவ சும்மா உருக்க மாட்டா. வாய் ஓயாது. "ஏனுங்க, இந்த மூணாம் நம்பரு காறுதுங்க. இந்த அஞ்சு பரவால்லை, பசுவும் எருமையும் கலந்திருக்குது. இந்த ஏழைப் பாருங்க, கும்முனு இருக்குது"ன்னு தொணதொணன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நான் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே காதுல போட்டுக்குவேன். அப்பறம் படுத்துத் தூங்கிருவேன். விடிஞ்சு எந்திரிச்சா மூக்குல பளிச்சுனு தெரியுமுங்க. மூணு ஆகாது, அஞ்சு பரவால்லை, ஏழு மொதல் தரம்.

இதுல அதிசயம் என்னன்னா, அவ ராத்திரி பேச்சுவாக்குல சொல்றதும் நான் காலையில சொல்றதும் ஒருநாளும் மாறுனதே இல்லை. என்ற கூடக் குடும்பம் நடத்தி நடத்தி அவளுக்கும் கொஞ்சம் மூக்கு ஒட்டிக்கிச்சு. சகவாசம்தானுங்களே எல்லாம்.

ஒருக்கா இப்படித்தான், அடுப்புல கேஸ் கசிஞ்சிருக்குது. நான் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டிருக்கறேன். அவ கொல்லையில துணி தொவைக்கறவ, அங்கிருந்து ஓடியாந்து சிலிண்டரை அமத்திட்டு, "ஏனுங்க, உங்களுக்குத் தெரியலையா?"ன்னு மூச்சு வாங்கறா. எனக்குத் தெரியாம இருக்குமுங்களா? அவளுக்குத் தெரியுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். அதைச் சொன்னேன். என்னையே உத்துப் பாத்தா. அப்பறம் போயிச் சன்னலைத் தொறந்து வுட்டா.

செரி, கதைக்கு வாரேன். போன தைக்குப் பொறவு கோயமுத்தூர்ல இருந்து ஒரு அம்மிணி வந்துச்சு. மிருதுளான்னு பேரு. கையில ஒரு பொட்டி. பாக்கறதுக்கு மிக்சியாட்ட இருக்குது, முன்னால ஒரு குழாய். "இது எலக்ட்ரானிக் மூக்கு அங்கிள்"ங்குது. மொதலாளி என்ன பண்றாரு, நேரா என்ற நாற்காலிக்குப் பக்கத்துல ஒரு மேசையைப் போட்டு அதும்மேல அந்தப் பொட்டியை வெக்கறாரு. நான் பயந்து போயி நாற்காலிக் கையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன் தம்பி. பொய் சொல்லலை.

அந்த அம்மிணி நல்ல புள்ளை. எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுச்சு. நம்ம மூக்குக்குள்ள வாசத்தைப் புடிக்கறதுக்குன்னு எத்தனையோ வகை கண்ணு இருக்குதாமா. அதைப் பாத்து அதே மாதிரி இந்தப் பொட்டிக்குள்ள எட்டுச் சில்லு வெச்சிருக்கறாங்களாமா. வெண்ணெயைக் காட்டுனா எட்டும் எட்டு மாதிரித் துடிக்கும், அந்தத் துடிப்பு பக்கத்துல வெச்ச சின்ன டிவியில கோலமாட்ட வரும். புது வெண்ணெய்க்கு ஒரு கோலம், பழசுக்கு ஒரு கோலம்.

"அப்ப எது நல்ல கோலம், எது கெட்ட கோலம்னு அதுக்கு எப்படி அம்மிணி தெரியும்?"னு கேட்டேன்.

"அதைத்தான் நீங்க சொல்லிக்குடுக்கணும் அங்கிள். நீங்க எதைச் சொல்றீங்களோ அதைத்தான் இது கத்துக்கும்"னுச்சு.

பாத்தீங்களா? எத்தனை சில்லு இருந்து என்ன, வாத்தியார் வேணுமில்ல? எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. ஆனா அடி மனசுல ஒரு ஓரத்துல அரிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. சொல்லிக்குடுத்து முடிச்சப்பறம் வாத்தியார் எதுக்குன்னு கேட்டுட்டா? நாற்காலியைத் தூக்கீட்டா அப்பறம் இந்த நாச்சிமுத்து யாருங்க? ஊட்டுல உக்காந்து பேப்பர் பாக்கற ஆளு. அவ்வளவுதானுங்களே.

மொதல்ல எல்லாம் என்ற மொறைப்படியே நடந்துச்சு. டப்பாவை ஊட்டுக்குக் கொண்டு போவேன், விடிஞ்சு வந்து சொல்லுவேன், அம்மிணி பொட்டிக்குச் சொல்லிக்குடுக்கும். பொட்டியும் வெரசாக் கத்துக்கிச்சு. அப்பறம் அந்த அம்மிணிக்கு அவசரம் வந்திருச்சு. "அங்கிள், டின்னு நெறைய வருது, மோந்த உடனே சொல்லீருங்களேன், சீக்கிரம் முடிச்சிரலாம்"னுச்சு. நான் மாட்டேன்னேன். மொதலாளி, "ஏன் நாச்சிமுத்து, உடனே சொன்னா என்ன, மூக்கு சுளுக்கிக்குமா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ரோசம் வந்திருச்சு. செரின்னு உக்காந்து மடமடன்னு சொன்னேன். இது நல்லது, இது ஆகாது, இது நல்லது, இது நல்லது. நல்ல ஆளு கொண்டாந்தது நல்லதா இருக்கும், மொகத்தைப் பாத்தாலே தெரியாதுங்களா? மூக்கு கூட வேண்டாம்.

அதுல இருந்துதானுங்க பொட்டிக்குப் புத்தி கெட்டுப் போச்சு. ஒரே டின்னைக் காலையில நல்லதுங்கும், மத்தியானம் ஆகாதுங்கும். அம்மிணி டிவியையே பாத்துக்கிட்டு நகத்தைக் கடிச்சுது. மெசின்னா அப்படித்தான், ரெண்டு நாளைக்கு மினுக்கும், அப்பறம் மண்டி போட்டுரும்னு நான் நெனைச்சுக்கிட்டேன். உள்ளுக்குள்ள சந்தோசம்தான், மறைக்க மாட்டேன்.

அந்த நேரம் பாத்து மெட்ராசுல இருந்து ஒரு பெரிய சுவீட்டுக் கடைக்காரரு வந்தாரு. தீபாவளிக்கு நம்மகிட்ட மொத்தமா நெய் எடுக்கறதா இருந்தாரு. மொதலாளி பெருமைக்கு, "எங்ககிட்ட மனுச மூக்கும் இருக்குது, மெசின் மூக்கும் இருக்குது, ரெண்டும் தாண்டித்தான் வெண்ணெய் உள்ள வரும்"னு சொல்லிப்புட்டாரு. அவரு வுடுவாரா? "எங்கே, ஒரு பரீச்சை வெச்சுப் பாப்போமா?"ன்னு அவரே குடோன்ல இருந்து மூணு நெய் டின்னைப் பொறுக்கி, எதுல என்னன்னு தெரியாம மூடி வெச்சிட்டாரு.

நான் எவ்வளவோ சொன்னனுங்க. இன்னைக்கு அமாவாசை, மோந்து சொல்லக் கூடாதுன்னேன். அமாவாசை நேத்தே போச்சுன்னாங்க. ராவுகாலம்னேன். அதும் முடிஞ்சிருச்சுன்னாங்க. டப்பாவுல எடுத்துக்கிட்டுப் போயி விடிஞ்சு வாரேன்னேன். மொதலாளி என்னைப் பாத்த பார்வையில டின்னுகிட்டப் போயிக் குனிஞ்சேன்.

மோந்தேன். மொத டின்னு பரவால்லைன்னேன். ரெண்டாவது ஆகாதுன்னேன். மூணாவதுதான் தம்பி மொதல் தரம், நெய்யுன்னா இதுதான் நெய்யி, சாமிக்குப் படைக்கலாம்னு அடிச்சுச் சொன்னேன். பொட்டியைத் திருப்புனாங்க. பொட்டியும் அட்சரம் பெசகாம அதையேதான் சொல்லுச்சு! மூணாவதுதான் மொதல் தரம்!

அந்தக் கடைக்காரரு துண்டை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கறாரு. மூணாவது டின்னு விளக்கு எரிக்கறதுக்குன்னு போன வருசத்துல இருந்து குடோன் மூலையில கெடந்த நெய்யாமா. சிரிச்சு முடிச்சுட்டு, "அவிநாசியப்பன், இது செரியானப்பறம் சொல்லி வுடுங்க, வாரேன்"னு காருல ஏறிப் போயிட்டாரு.

இப்ப நீங்களே சொல்லுங்க. எட்டுச் சில்லும் என்ற மூக்கும் ஒண்ணுபோலச் சொல்லுதுன்னா தப்பு யாரு மேல? டின்னு மேலதானுங்களே? எவனோ மாத்தி வெச்சிட்டான். இதை நான் மொதலாளிகிட்டச் சொன்னேன். அவரு, "நாச்சிமுத்து, ரெண்டு நாளைக்கு ஊட்டுல இரு"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு அழுகையே வந்திருச்சு தம்பி. ஊட்டுக்கு வந்து சோறு எறங்கலை. தெய்வாத்தாள் காரணம் கேக்கலை. மோர் கரைச்சுக் குடுத்தா.

அடுத்த நாளு அந்த அம்மிணி ஊடு தேடி வந்திருச்சு. வந்து, "அங்கிள், ஒரு சந்தேகம். நீங்க விடிஞ்சு சொன்னதை மட்டும் வெச்சுக்கிட்டு, உடனே சொன்னதையெல்லாம் அழிச்சுப் பாத்தேன். மெசின் அந்த மூணு டின்னையும் செரியாச் சொல்லுது. ராத்திரி என்னதான் பண்ணுவீங்க?"ன்னுச்சு.

"ஊறப் போடுவேன் அம்மிணி."

"எதை அங்கிள்?"

"வாசத்தை."

"எங்க?"

"மூக்குலதான். சோறு திம்பேன், தூங்குவேன், விடிஞ்சா தெரியும்."

"அப்ப டப்பாவெல்லாம்?"

"அது அடுப்படிக்குப் போயிரும். அது என்னத்துக்கு உனக்கு?"

அந்தப் புள்ளை பையைத் தொறந்து புதுசா வந்த டின்னுகளோட டப்பாவையெல்லாம் எடுத்துத் திண்ணை மேல அடுக்குச்சு. "எப்பவும் போல நடக்கட்டும் அங்கிள், நான் இங்கயே சாப்பிட்டுட்டுப் போறேன்"னுச்சு. சாப்புட உக்காந்த புள்ளை தட்டைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கே போயிருச்சு. தெய்வாத்தாள் கரண்டியில உருக்கறா, எப்பவும் போலப் பேசறா. "இது நேத்து கடைஞ்சது கண்ணு. இதைப் பாரு, மோர் செரியாக் கழுவலை, புளிச்சு நிக்குது. இது... ச்சீ, இதுல என்னத்தையோ கலந்திருக்கறான், நெய்யி உருகறப்ப இந்த வாடை வரக் கூடாது." அந்தப் புள்ளை தின்னறதை வுட்டுட்டு அவ வாயவே பாத்துக்கிட்டிருக்குது. நம்ம ஊட்டு ரசம் அந்த மாதிரிங்க, ஆளை அசத்திப்போடும்.

மக்கா நாளு விடிஞ்சதும் கம்பெனியில இருந்து ஆளு வந்திருச்சு. நானும் தெய்வாத்தாளும் கம்பெனிக்கு வரோணுமாமா. அவ விசேசத்துக்குக் கட்டற பொடவையை எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தா. குடோன்ல மொதலாளி, அம்மிணி, நாலஞ்சு யாவாரிக, எல்லாம் நிக்கறாங்க. டின்னு வரிசையா இருக்குது. மொதலாளி தெய்வாத்தாளைப் பாத்து, "கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லம்மா"ன்னாரு. உருக்கறதுக்குக் கூட வழியில்லை, பச்சை வெண்ணெய்தான். அவ ஒவ்வொண்ணா மூடியைத் தொறந்து, மூஞ்சியைக் கிட்டக் கொண்டு போகாமயே சொல்லிக்கிட்டு வாரா. பொட்டியும் அதையேதான் சொல்லுது. யாவாரிக ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் பாத்துக்கறாங்க. புளிச்ச டின்னுக்காரன் மெல்ல நழுவிட்டான்.

அப்ப மொதலாளி கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி. எல்லாரு முன்னாலயும் கேட்டாரு. "ஏம்மா தெய்வாத்தா, அப்ப இத்தனை வருசமா எங்க கம்பெனிக்கு மூக்கா இருந்தது நீதானா?"

எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிருச்சுங்க. எதுக்கு அப்படி ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே வெளங்கலை. நான் எதுக்குங்க பயப்படோணும்? தெய்வாத்தாள் என்னைத் திரும்பிப் பாத்தா. அப்பறம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டுச் சொன்னா.

"எனக்கென்னங்க தெரியும்? எல்லாம் அவரு கூட இருந்து பழகுனதுதான். அவரு பக்கத்துல இல்லீன்னா எனக்கு ஒரு வாடையும் தெரியறதில்லீங்க."

கேட்டீங்களா? அவ வாயாலயே சொல்லிப்புட்டா! நான் இத்தனை நாளா என்ன சொல்லிக்கிட்டிருக்கறேன்? மொதலாளி கொஞ்ச நேரம் கூரையைப் பாத்தாரு. அந்த அம்மிணி திரும்பி நின்னுக்கிட்டுப் பொட்டி ஒயரை என்னமோ நோண்டுச்சு, கண்ணு கலங்குன மாதிரித் தெரிஞ்சுது. குடோன் தூசி, ஒத்துக்கறதில்லை பாவம்.

மொதலாளி, "செரிம்மா. நாளையில இருந்து நீ வேலைக்கு வந்துரு. இந்தப் பொட்டிக்கு நீ சொல்லிக்குடு"ன்னாரு. தெய்வாத்தாள், "அவரு வந்தா நானும் வாரனுங்க. கூட நிக்கோணும். நின்னாத்தான் என்ற மூக்கு வேலை செய்யும்"னா. அப்படியே பட்டுனு சொல்லிப்புட்டா, பேரம் பேசறவளாட்ட.

அதுல இருந்து ரெண்டு பேரும்தானுங்க போறோம். நாற்காலியில அவளை உக்கார வெச்சிட்டேன், பாவம் முட்டிவலிக்காரி. எனக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு. அவ மோந்து சொல்லுவா, நான் "ஆமா"ன்னு தலையாட்டுவேன், அம்மிணி பொட்டிக்குச் சொல்லும். நான் தலையாட்டுனாத்தான் அடுத்த டின்னு. மெட்ராசுக்காரரும் திரும்பி வந்துட்டாரு. தீபாவளி நெய்யி நம்மளுதுதான்.

இன்னைக்குத் திருப்பூரு எதுக்கு வந்தேன்னு கேக்கறீங்களா? அந்த அம்மிணிதான் தொல்லை பண்ணி ஒரு மூக்கு டாக்டர்கிட்டப் போகச் சொல்லுச்சு. அவரு என்ற கண்ணைக் கட்டிட்டு ரெண்டு பாட்டிலை நீட்டறாரு. ரெண்டும் காலிப் பாட்டில். ஒண்ணுமில்லைன்னேன். ஒண்ணு காப்பித்தூளாமா, ஒண்ணு கற்பூரமாமா. எங்கயோ கலப்படச் சரக்கை வாங்கி வெச்சிருக்கறாரு, மனுசன் நல்லா ஏமாந்திருக்கறாரு. அதைச் சொன்னா, "எத்தனை வருசமா இப்படி?"ங்கறாரு. வாங்குன கடையைக் கேளுங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

இருங்க, போனு அடிக்குது. அவதான்.

"ஏன் தெய்வாத்தா... ஆமா, பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கறேன். டாக்டரா? ஒண்ணுமில்லையாமா, மூக்கு கிண்ணுனு இருக்குதாமா... அதான், நீயுந்தான் சொன்னே. டின்னு வந்திருச்சா? எத்தனை? அட, அத்தனையும் வெயில்ல நிக்குதா? மொதலாளி சத்தம் போடறாரா? செரி செரி, அடுத்த ஸ்டாப்புதான்."

கேட்டீங்களா தம்பி? லாரி வந்து நிக்குதாமா. அம்மிணி பொட்டியைப் போட்டு வெச்சிருச்சாமா. மொதலாளி ரெண்டுவாட்டி வந்து கேட்டுட்டாராமா. "அவரு வரட்டுமுங்க, அவரில்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்லி, ஒரு டின்னோட மூடியைக் கூடத் தொறக்காம உக்காந்திருக்கறா.

என்ன பண்றதுங்க, அவளுக்கு நான் இல்லீன்னா ஓடாது. கொஞ்சம் காலை நகத்துங்க தம்பி, எறங்கிக்கறேன்.